நண்டலாற்றிலிருந்து வெட்டாறு வரை

கொரியத் தீபகற்பத்தின் நடுவே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளமும் 4 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நிலப்பட்டை ஒன்று கிடக்கிறது. 1953 ஜூலை 27ஆம் நாள் பன்முன்ஜோம் என்னும் சிற்றூரில் கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கை அதனைப் படைகள் நுழையாப் பகுதி என வரையறுத்தது. இன்று சியோல் நகரிலிருந்து காலையில் பேருந்தேறி, வழிகாட்டி ஒருவர் கூட வர, அந்த எல்லையோரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் விடுதிக்குத் திரும்புவோர் ஏராளம். வடகொரியர் தோண்டியதென்று 1978இல் கண்டறியப்பட்ட சுரங்கத்தில் அவர்கள் குனிந்து நடக்கிறார்கள். தோரா குன்றின் மீதேறித் தொலைநோக்கி வழியே மறுபக்கத்து வயல்களைக் காண்கிறார்கள். கடல் கடந்து பிழைக்கச் சென்ற நம் பிள்ளைகள் சிலரும் அங்கே சென்று எடுத்த படங்களை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆயினும் அப்படங்களைக் காணும் நாகூர், திட்டச்சேரி, பொறையார்ப் பக்கத்துக் குடும்பங்கள், தம் வாசலருகே இருநூற்றுப் பதினைந்து ஆண்டுகள் கிடந்த ஓர் அந்நிய எல்லையை அறவே மறந்துவிட்டதுதான் வியப்பு.

காரைக்காலைச் சொல்கிறேன். வடக்கே நண்டலாறு, தெற்கே வெட்டாற்றுப் பக்கம், கிழக்கே கடல், மேற்கே அம்பகரத்தூர் வயல்கள். இவற்றினுள் அடங்கிய ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் நிலம், தஞ்சைத் தரணியின் நெல்வயல்களுக்கு நடுவே பிரெஞ்சுக்காரர் ஆண்ட தனி நாடாக இருந்தது. ஒரே நாளில் அதைச் சுற்றி வந்துவிடலாம். காலையில் தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்டு நண்டலாற்றைக் கடந்து, கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, அம்பகரத்தூர் என்று வலம் வந்து, லுஹர் தொழுகைக்குக் காரைக்கால் நகரை அடையலாம். பிற்பகலில் மஸ்தான் சாஹிபு வலியுல்லாஹ்வின் தர்காவில் ஸியாரத் முடித்து, அரசலாற்றைத் தாண்டி, திருமலைராயன்பட்டினம் வழியாக வாஞ்சூரை எட்டினால், மஃக்ரிபுக்கு நாகூர். பள்ளிக்கூட ஆசிரியர்கள் தம் மாணவர்களை ஒரு வேனில் ஏற்றி இந்தச் சுற்றுக்கு அழைத்துச் செல்லலாம். வழிகாட்டிக்குரிய செய்திகளைத்தான் இங்கே எழுதத் துணிந்தேன்.

கொரியாவின் எல்லை பிறந்த கதை மிகச் சுருக்கமானது. 1945 ஆகஸ்டில் அமெரிக்கப் படையதிகாரிகள் இருவர் ஒரே இரவில் நிலப்படத்தை விரித்து, 38ஆம் அட்சக்கோட்டைப் பிரிவினைக் கோடாகத் தேர்ந்தனர். கொரியர் எவரையும் அவர்கள் கேட்கவில்லை. காரைக்கால் எல்லையோ கடனாலும் அரியணைப் பூசலாலும் ஊர் ஊராக வளர்ந்தது. 1738இல் தஞ்சை மராத்திய அரசர் சாகுஜி, தம் பகைவரை ஒடுக்க உதவி வேண்டிப் புதுச்சேரி ஆளுநர் துய்மாவிடம் காரைக்காலைத் தருவதாக வாக்களித்தார். காரியம் முடிந்ததும் வாக்கு மாறினார். அப்போது ஊரைக் கைப்பற்றிப் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைக்க உதவியவர் சந்தா சாஹிபு. 1739 பிப்ரவரியில் அவர்கள் கொடி அங்கே ஏறிற்று. நம்மவர் ஒருவரின் கை அதில் இருந்தது என்பதை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

சாகுஜிக்குப் பின் வந்த பிரதாப சிங், 1749-50ஆம் ஆண்டுவாக்கில் மேலும் 81 கிராமங்களை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். இந்தப் பிரதாப சிங்கை நம் மக்கள் வேறொரு வகையில் அறிவார்கள். நாகூர் தர்காவின் மினாராக்களுள் மிக உயர்ந்ததாகிய 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டுவித்தவர் அவரே. ஒரே அரசரின் கொடையாக ஒருபுறம் எல்லையும், அந்த எல்லைக்கப்பால் நின்று காணத்தக்க மினாராவும் எழுந்தன. பிறகு ஆங்கிலேயர் 1760இல் காரைக்காலைப் பிடித்ததும், அது பலமுறை கை மாறியதும், 1817 ஜனவரியில் இறுதியாகப் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியதும் பாடநூல்களில் கிடைக்கும் செய்திகள். இடையே 1799இல் தஞ்சை ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டதால், நம் வரப்புகளின் இருபுறமும் இரண்டு ஐரோப்பிய வல்லரசுகள் நின்றன.

இத்தகைய எல்லையில் வாழ்க்கை எப்படி நடக்கும்? ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர் இதற்கு ஒரு சான்று தருகிறார். ஹிஜ்ரி 580இல், அதாவது 1184இல், சிலுவைப் போர்க் காலத்தில் அவர் திமிஷ்கிலிருந்து அக்கா துறைமுகத்துக்குச் சென்றார். பானியாஸ் ஊருக்கருகே ஒரு பள்ளத்தாக்கு. அதன் நடுவே முஸ்லிம்களுக்கும் பறங்கியருக்கும் பொதுவான ஒரு பங்கீட்டு எல்லை. விளைச்சலை இருசாராரும் சமமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள், கால்நடைகள் கலந்தே மேய்கின்றன, அதனால் யாரும் யாருக்கும் அநீதி செய்வதில்லை என்று அவர் வியந்து எழுதுகிறார். அக்காவின் சுங்கச் சாவடியில் கிறிஸ்தவ எழுத்தர்கள் அரபியில் கணக்கெழுதியதையும் குறித்துள்ளார். எல்லையைக் குறிக்க அவர் ஆண்ட சொல் 'ஹத்'. வயலின் வரம்பையும் அதுவே குறிக்கும், மார்க்கத்தில் அல்லாஹ் விதித்த வரம்பையும் அதுவே குறிக்கும். மனிதன் கிழித்த கோட்டுக்கும் அதே சொல் வந்துவிட்டதை எண்ணி மொழிநூலார் வியக்கட்டும். நாம் காரைக்காலுக்குத் திரும்புவோம்.

இங்கும் பங்கீடு உண்டு. பங்கிடப்பட்டது தண்ணீர். காரைக்கால் வயல்களைப் பாய்ச்சும் அரசலாறு, நாட்டாறு, திருமலைராயனாறு, வாஞ்சியாறு எல்லாம் காவிரியின் கிளைகள். அவற்றின் தலைப்பு ஆங்கில ஆட்சியில் இருந்தது; கடைமடை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. கொடி எதுவாயினும் கொள்ளிடத்துக்கு இப்பால் மதகு திறந்தால்தான் திருநள்ளாற்று நாற்றங்கால் நனையும். அந்த நிலை இன்றும் மாறவில்லை. 2007 பிப்ரவரி 5இல் காவிரி நடுவர் மன்றம் வழங்கிய இறுதித் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்றும் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்றும் வகுத்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25ஆகக் குறைத்தபோதும் அந்த ஏழில் கை வைக்கவில்லை. அந்த ஏழும் காரைக்கால் விவசாயியின் ஏழு. புதுச்சேரி நகருக்குக் காவிரி ஓடுவதில்லை அல்லவா!

மக்களின் போக்குவரத்துக்கு நெடுங்காலம் பெருந்தடை இருந்ததில்லை. நாகூர்க் கந்தூரிக்குக் காரைக்காலார் வந்தனர். காரைக்காலில் பெண் கொடுத்தனர், பெண் எடுத்தனர். 1898இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு இருப்புப்பாதை போடப்பட்டது. பிரெஞ்சு அரசு 1819 ஜனவரியிலேயே இந்தியர் வழக்குகளை அவரவர் சட்டப்படியும் வழக்கப்படியும் தீர்ப்பதென ஆணையிட்டிருந்தமையால், நிக்காஹும் தலாக்கும் வாரிசுரிமையும் இருபுறமும் ஷரீஅத் முறைப்படியே நடந்தன. 1881 செப்டம்பரில், விரும்புவோர் தம் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம் என்று மற்றோர் ஆணை வந்தது. அதனால் பட்டமும் பதவியும் கிட்டும் என்ற ஆசை காட்டப்பட்டும், முஸ்லிம்கள் பெரும்பாலும் அதை நாடவில்லை. அதே சமயம் பிரெஞ்சுக் கொடியின் கீழ்க் கடல் கடந்து சைகோன் சென்று வாணிகம் செய்யத் தவறவுமில்லை. அங்கே தோங் து வீதியில் இந்திய முஸ்லிம்களுக்காக 1935இல் எழுந்த பள்ளிவாசல் இன்றும் தொழுகை நடக்கும் பள்ளியாக நிற்கிறது.

எல்லை கடுமையானது இந்தியா விடுதலை பெற்ற பிறகே. 1941இல் இரு ஆட்சிகளுக்குமிடையே ஏற்பட்டிருந்த சுங்க உடன்பாடு 1949இல் முடிவுக்கு வந்தது. பொருள்கள் சோதிக்கப்பட்டன. பின்பு அனுமதிச் சீட்டு முறையும் இறுகிற்று. நேற்றுவரை அத்தை வீட்டுக்குக் கூடையில் கொண்டுபோன பண்டத்துக்கு இன்று கணக்குச் சொல்ல வேண்டிய நிலை. விடுதலைப் போராட்டத்தின் பொருட்டு விதிக்கப்பட்ட நெருக்கடி அது. அதன் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனாலும் சுமையைச் சுமந்தவர்கள் ஆளுநர்கள் அல்லர், எல்லையோரத்துச் சிறுவணிகரும் கூலியாட்களும்தான். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. சுங்கச் சாவடிகள் ஓய்ந்தன.

அதே 1954இல் கொரிய எல்லையும் நம் தமிழ் மண்ணைத் தொட்டது என்பதைப் பலர் அறியார். போர்க் கைதிகளுள் தம் நாடு திரும்ப மறுத்த இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காக்கும் பொறுப்பு இந்தியப் படைக்கு வழங்கப்பட்டது. நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைவர் ஜெனரல் திம்மையா; காவற்படைக்குத் தளபதி தோரட். தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்திய வீரர் தம் மண்ணில் கால் வைக்கவும் இசையவில்லை. ஆகவே கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கி நேரே எல்லைப் பட்டையில் இறக்கினார்கள். கைதிகளிடம் இருதரப்பாரும் 90 நாள்களுக்குள் விளக்கம் கூறலாம் என்றும், பிறகு ஒவ்வொருவரும் தம் விருப்பத்தைச் சொல்லலாம் என்றும் ஏற்பாடு. முடிவில் வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்று நின்றவர்கள் 88 பேர்: கொரியர் 76, சீனர் 12. அவர்கள் காவற்படையோடு பிப்ரவரியில் 'அஸ்தூரியாஸ்' கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். பின்னர்ப் பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போயினர். சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டனர்.

அவர்களைக் கேட்ட அதே கேள்வி எட்டாண்டு கழித்துக் காரைக்கால் வீடுகளுக்கும் வந்தது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிகள் இந்தியக் குடிகளாவர். வேண்டாம் என்போர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைக் காத்துக்கொள்ளலாம். இந்தியாவுக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்கோ இதற்கு நேர்மாறான விதி: அவர்கள் பிரெஞ்சுக் குடிகளாகவே இருப்பர், வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் இந்தியாவைத் தேர்ந்துகொள்ளலாம். பதினெட்டு வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்குத் தந்தையின் முடிவே முடிவு.

இதன் விளைவைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு மரைக்காயருக்கு இரண்டு ஆண் மக்கள். மூத்தவர் சைகோனில் கடை வைத்திருக்கிறார், இளையவர் காரைக்காலில் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். இருவரும் வாய் திறக்காமல், கையெழுத்திடாமல் இருந்தாலே போதும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரு நாட்டவர் ஆகிவிடுகிறார்கள். நண்டலாற்றிலும் வாஞ்சூரிலும் கோடு அழிந்து எட்டாண்டு ஆன பின்னர், வீட்டு முற்றத்தில் கோடு விழுந்தது. 1975இல் சைகோன் வீழ்ந்தபோது பிரெஞ்சுத் தாளுடையோர் பலருக்குப் பாரிசின் கதவு திறந்தது. காரைக்காலில் பிரான்சுக்காரர் என்றே சுட்டப்படும் குடும்பங்களின் கதை இவ்வாறு தொடங்கியதே. பொருளாதாரத்தில் அவர்கள் உயர்ந்தார்கள் என்பது உண்மை. அந்த உயர்வைக் கண்டு, தம் பாட்டனார் அன்று எழுதிக் கொடுக்கத் தவறிவிட்டாரே என்று ஏங்குவோரின் பேச்சையும் அங்கே கேட்கலாம். இந்த ஏக்கம் எனக்கு உவப்பானதன்று. தம் ஊரிலேயே இருப்போம் என்று இருந்துவிட்ட அந்தப் பாட்டனார் எந்தத் தவறும் செய்யவில்லை.

மத்ரஸாக்களில் வாரிசுரிமைப் பாடத்துக்கு ஓதப்பெறும் 'அஸ்ஸிராஜிய்யா' என்னும் நூலில், வாரிசுரிமையைத் தடுக்கும் காரணங்களுள் ஒன்றாக 'இஃக்திலாஃபுத் தாரைன்', அதாவது இருவர் இரு வேறு நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டிருத்தல், எண்ணப்படுகிறது. மாணவர்கள் இவ்விடத்தில் தயங்குவர். விளக்கவுரையாளர்களோ இது முஸ்லிம்களுக்கிடையே பொருந்தாது என்று தெளிவாக்கியுள்ளனர். முஸ்லிம்கள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும், எந்த ஆட்சிக்கு அடங்கியிருந்தாலும், ஒருவருக்கொருவர் வாரிசே. பாரிசில் இருக்கும் தமையனின் பங்கைக் காரைக்கால் தம்பி மறுக்க முடியாது. தம்பியின் பங்கைத் தமையனும் அவ்வாறே.

இன்று அந்த வழியே செல்பவர் கண்ணுக்கு எல்லையாகத் தெரிவது எது? காவலரின் சிவப்புத் தொப்பி ஒன்று. மற்றொன்றைச் சொல்லவே நாக்கூசுகிறது: வாஞ்சூரின் சாராயக் கடைகள். இருபுறமும் வரி வேறுபடுவதால் மதுவின் விலையும் வேறுபடுகிறது. அதனால் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டும் வழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. ஒரு வலியுல்லாஹ்வின் ஊருக்குள் நுழையும் வழியில் இப்படியொரு காவல்! 1980களில் நின்றுபோன பேரளம் இருப்புப்பாதை இவ்வாண்டுகளில் மீண்டும் போடப்பட்டிருக்கிறது. நாகூருக்கும் காரைக்காலுக்குமிடையே 2011 முதல் புதிய பாதையில் இரயில் ஓடுகிறது. 2022 ஏப்ரலில் பிரெஞ்சு அதிபரைத் தேர்ந்தெடுக்கக் காரைக்காலில் ஒரு வாக்குச்சாவடி திறக்கப்பட்டது. தமையன் வழிப் பேரன் அங்கே போய் வாக்களித்தான். தம்பி வழிப் பேரனின் வாக்கு அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரலிலேயே புதுச்சேரிச் சட்டமன்றத்துக்குப் போய்விட்டது.