வேட்டைநாயும் தான்றிமரமும்: நைடதத்தின் கடைப்பகுதி பற்றி

அதிவீரராம பாண்டியரின் நைடதத்தைப் பற்றித் தமிழில் இரண்டு பேச்சுகள் வழங்குகின்றன. ஒன்று பாராட்டு: ‘நைடதம் புலவர்க்கு ஔடதம்’. மற்றது பழிப்பு. தென்காசியில் நூலை எழுதி முடித்த அரசர் அதைக் கரிவலம்வந்தநல்லூரிலிருந்த தமையனார் வரதுங்கராமருக்கு அனுப்பினாராம். அதைப் படித்த அண்ணியார், நூல் வேட்டைநாயின் ஓட்டம் போலிருக்கிறது, எடுத்த எடுப்பில் பாய்கிறது, போகப் போக இளைக்கிறது என்று சொல்லியனுப்பினாராம். தம்பிக்கு மூண்ட கோபம், படையோடு புறப்பாடு, பிறகு சமாதானம் என்று கதை நீளும். எவ்வளவு நீளும் என்பது சொல்பவரைப் பொறுத்தது.

கதை கதையாகவே நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. ஆனால் அது தீர்ப்பாகிவிட்டது. சுயம்வரம் வரை நைடதம் சிறப்பு, அதன்பின் தொய்வு என்பது பாடஞ்சொல்லும் வழக்கிலேயே ஊறிப்போயிருக்கிறது. சூதாட்டம், காடேகல், பிரிவு, உருமாற்றம், கலிநீக்கம், மீண்டும் அரசாட்சி என்று விரியும் கடைப்பகுதியைத் தனியே எடுத்துப் படிப்பவர் அரிது. இந்த வாசிப்பின் முன்னோடி என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் பெயர் தெரியாத அந்த அண்ணியாரைத்தான் சொல்ல வேண்டும். எனவே முதலில் அவரோடுதான் வழக்கு.

தமிழ் நைடதத்துக்கு முன் வடமொழியில் ஸ்ரீஹர்ஷரின் நைஷதீய சரிதம் உண்டு. கன்னோசியை ஆண்ட ககடவாலர் அவையில் 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்தது, 22 சருக்கங்கள் கொண்டது. அதைச் சுற்றியும் இதே அச்சில் ஒரு கதை இருக்கிறது. காவியப் பிரகாசம் எழுதிய மம்மடர் ஸ்ரீஹர்ஷருக்குத் தாய்மாமன் என்றும், நூலைப் படித்துவிட்டு, இது முன்பே கைக்குக் கிடைத்திருந்தால் காவியக் குற்றங்களைப் பேசும் என் ஏழாம் உல்லாசத்துக்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைந்திருக்க மாட்டேன், எல்லாம் இதிலேயே இருக்கின்றன என்று சொன்னார் என்றும் அந்தக் கதை போகும். மம்மடர் காஷ்மீரத்தார், 11ஆம் நூற்றாண்டினர். மருமகன் நூலை அவர் படித்திருக்கக் காலம் இடங்கொடுக்கவில்லை. ஆனாலும் கதை சாகவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சாயல் தெரிகிறது. நூல் குடும்பத்துக்குள் ஒருவரிடம் போகிறது. அவர் தேர்ந்த படிப்பாளி. பாராட்டை எதிர்பார்த்த இடத்தில் ஒற்றைச் சொல்லில் பழிப்பு வருகிறது. ‘புலவர்க்கு ஔடதம்’ என்ற பாராட்டும் வடமொழி நைஷதத்தைப் பற்றி அங்கே வழங்கும் சொலவடையின் தமிழ் வடிவந்தான். ஆக, நூற்பெயர் தெற்கே வந்தபோது அதற்குரிய புகழும் பழியும் சேர்ந்தே வந்திருக்கின்றன. தென்காசி அரண்மனையில் 16ஆம் நூற்றாண்டில் யாரோ உண்மையில் சொன்ன கருத்து என்று இதை எடுத்துக்கொள்வதற்கில்லை.

இங்கே நிறுத்திக்கொண்டால் வழக்கு எளிதில் முடிந்துவிடும். ஆனால் மம்மடர் கதை நூல் முழுவதையும் குறை சொல்கிறது. தமிழ்க் கதை கடைப்பகுதியை மட்டும் சொல்கிறது. இரவல் சட்டத்துக்குள் புதிதாக ஒரு கவனிப்பு புகுந்திருக்கிறது. யாரோ ஒருவர் நூலை முழுவதும் படித்து, ஓரிடத்தில் நடை மாறுவதைக் கண்டிருக்கிறார். கண்டது சரி. காரணம் சொன்ன இடத்தில்தான் கோளாறு.

நடை மாறும் இடம் எது? ஸ்ரீஹர்ஷர் நின்றுவிடும் இடம். வடமொழி நூல் நளன் தமயந்தி மணத்தோடும் அதன்பின் வரும் இன்ப நாட்களோடும் 22ஆம் சருக்கத்தில் முடிகிறது. சூதாட்டம் இல்லை, காடு இல்லை, நளனைக் கடித்து உருமாற்றும் நாகன் கார்க்கோடகன் இல்லை. நூல் அறுபது சருக்கம் இருந்தது, இல்லை நூற்றிருபது இருந்தது, தொலைந்துவிட்டது என்றெல்லாம் வடநாட்டுப் பண்டிதர் பேச்சு உண்டு, சான்று இல்லை. தமிழ் நைடதம் அன்னத்தூது தொடங்கி, சந்திரனையும் மன்மதனையும் நிந்திக்கும் படலங்கள் வழியாகச் சுயம்வரம் வரை ஸ்ரீஹர்ஷரின் சுவட்டிலேயே வருகிறது. அது பெரும் சுமை. இந்திரன், அக்கினி, யமன், வருணன் நால்வரும் நளன் வடிவில் வந்து அமர, ஐந்து நளன்களையும் சரசுவதி அறிமுகம் செய்யும் 13ஆம் சருக்கத்தில் ஐவருக்கும் ஒருங்கே பொருந்தும்படி ஐந்து பொருள்படும் சுலோகம் ஒன்று உண்டு. அத்தகைய மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுபவர் ஒவ்வொரு விருத்தத்திலும் மல்லுக்கட்டித்தான் ஆகவேண்டும். மணம் முடிந்த பிறகு பக்கத்தில் யாரும் இல்லை. பாரதத்தின் ஆரணிய பருவத்திலுள்ள நளோபாக்கியானமும் புகழேந்தியின் நளவெண்பாவும்தான் துணை. இரண்டுமே கதை சொல்பவை; வருணனைக்கு நிற்பவை அல்ல. இளைத்தது புலவரின் மூச்சன்று. மூலம் மாறியது, அதோடு நூலின் இனமும் மாறியது.

புகழேந்தியின் காலம் இன்னும் தீரவில்லை. சந்திரன் சுவர்க்கி என்னும் புரவலர் பெயரை வைத்து 13ஆம் நூற்றாண்டு என்போர் பலர். ஒட்டக்கூத்தரோடு முடிச்சுப் போடும் கதைகளை நம்பினால் இன்னும் முன்னே போகும். எப்படியானாலும் அவர் அதிவீரராமருக்கு முற்பட்டவர் என்பதில் ஐயமில்லை. அவர் பகுப்பில் மூன்று காண்டங்கள்: சுயம்வரம், கலிதொடர், கலிநீங்கு. மூன்றில் இரண்டு கலிக்கு. செங்கோட்டைக் கணவாய்க்கு மேற்கே பின்னாளில் உண்ணாயி வாரியர் எழுதிய நளசரிதம் ஆட்டக்கதை நான்கு நாள் ஆடப்படுவது. இரண்டாம் நாளிலிருந்தே கலியின் வேலை தொடங்கிவிடுகிறது. கிழக்கும் மேற்கும் நளன் கதையின் கனத்தை மணத்துக்குப் பிந்திய பகுதியில்தான் வைத்திருக்கின்றன. மணத்தோடு நின்ற ஸ்ரீஹர்ஷரே விதிவிலக்கு. அவரைப் பின்பற்றியும் அவரோடு நில்லாமல் மேலே நடந்தவர் தென்காசி அரசர்.

ஏன் நிற்கவில்லை? ஸ்ரீஹர்ஷர் தம் நூலிலேயே விட்டுச்சென்ற ஒரு மரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

17ஆம் சருக்கத்தில் தேவர்கள் சுயம்வரத்திலிருந்து திரும்பும் வழியில் கலி எதிர்ப்படுகிறான். தமயந்தி நளனுக்கு மாலையிட்டாள் என்று கேட்டு வெகுண்டு, நளனின் நகருக்கு வருகிறான். எங்கும் அறம் நிறைந்திருக்கக் காலூன்ற இடமில்லை. கடைசியில் அரண்மனைச் சோலையில் ஒரு தான்றிமரத்தில் ஏறி, நளனிடம் ஏதேனும் பிழை நேருமா என்று காத்திருக்கிறான். அதன்பின் ஐந்து சருக்கங்கள் வருகின்றன. கலியை யாரும் இறக்கவில்லை. நூல் முடியும்போதும் அவன் மரத்திலேயே இருக்கிறான்.

பாரதக் கதையில் தான்றிமரம் வருவது இங்கன்று, முடிவில். வாகுகன் என்ற பெயரில் தேரோட்டும் நளனிடம், கடந்துபோகும் ஒரு தான்றியைக் காட்டி, அதன் இரண்டு கிளைகளில் ஐந்து கோடி இலையும் 2095 காயும் இருக்கின்றன என்று அயோத்தி மன்னன் இருதுபர்ணன் ஒரே பார்வையில் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி மரத்தை வெட்டி எண்ணுகிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. அந்த எண்ணும் வித்தையையும் சூதின் மருமத்தையும் பெற்று, தன் குதிரை வித்தையைக் கொடுக்க ஒப்புகிறான். அந்த நொடியில் கலி, கார்க்கோடகனின் நஞ்சைக் கக்கிக்கொண்டு வெளியேறித் தான்றிக்குள் புகுகிறான். புகழேந்தியிடமும் அதே தான்றி. கணக்கு மட்டும் பத்தாயிரம் கோடியாக ஏறிவிட்டது. வெண்பாவுக்குள் 2095ஐ அடக்குவதைவிட அது எளிது என்பதற்காகவும் இருக்கலாம்.

அது ஏன் தான்றி? குற்றாலத்தில் சீசன் நாட்களில் அருவிக்குப் போகும் பாதையோரத்து மருந்துக்கடைகளில் கடுக்காய், நெல்லிமுள்ளியோடு திரிபலாவின் மூன்றாம் சரக்காகக் குவிந்துகிடக்கும் தான்றிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்தவர்க்கு விடை பாதி தெரிந்துவிடும். சாம்பல் பழுப்பு நிறம், மேலே மெல்லிய பூம்படலம், காய்ந்தால் பக்கம் பக்கமாகத் தெரியும் மழுங்கிய விளிம்பு. உருட்டினால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. வேதகாலத்துச் சூதுக்காய் இதுதான். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சூதாடியின் புலம்பலாக வரும் சூக்தத்தில் இது வருகிறது. கலி குடியிருக்கும் மரத்தின் காய்தான் அவன் அழிக்கும் கருவியும்.

ஆக, பழைய கதையின் முடிவில் நின்ற மரத்தை ஸ்ரீஹர்ஷர் நடுவில் நட்டிருக்கிறார். முடிவு தெரியாத கவி இதைச் செய்ய மாட்டார். அவர் தொடர எண்ணிக் காலம் போதாமல் விட்டாரா, படிப்பவர் மனத்தில் முடிவு ஓடட்டும் என்று வேண்டுமென்றே விட்டாரா என்பது வேறு வழக்கு. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன், அழுத்திச் சொல்ல மாட்டேன். தமிழில் பெருங்காப்பியம் எழுதப் புகுந்தவர்க்கு அந்தச் சலுகை கிடையாது. அறம், பொருள், இன்பம், வீடு நான்கும் நிறைந்தால்தான் பெருங்காப்பியம், அவற்றில் குறைந்தால் வெறும் காப்பியம் என்று தண்டியலங்காரம் வரிசை பிரித்து வைத்திருக்கிறது. மணத்தோடு நிறுத்தினால் இன்பம் மட்டும் மிஞ்சும். மரத்தில் ஏறியவனை இறக்கியே ஆகவேண்டும்.

தமிழில் கடைப்பகுதிகள் பெரும்பாலும் வேறு கைக்கே போயிருக்கின்றன. கம்பர் முடிசூட்டோடு நின்றார். உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் பெயரில் நிற்கிறது. வில்லிபுத்தூரார் போர் ஓய்ந்ததும் எழுத்தாணியை வைத்தார். விட்டதையெல்லாம் நல்லாப்பிள்ளை 18ஆம் நூற்றாண்டில் நிரப்பினார். நைடதத்தில் முன்பாதியும் பின்பாதியும் ஒரே கையினுடையவை. வேறு கை என்று ஐயுறலாமா என்றால், அதிவீரராமர் விஷயத்தில் அந்த ஐயம் அடியோடு முடியாததன்று. திருக்கருவை அந்தாதிகள் அவருடையனவா வரதுங்கராமருடையனவா என்பதில் இன்றும் கருத்தொற்றுமை இல்லை. ஆனால் நைடதத்தின் கடைப்பகுதியில் கேட்கும் குரல் காசிகாண்டத்திலும் கூர்ம புராணத்திலும் கேட்கும் குரல்தான்: நிகழ்ச்சியை நிகழ்ச்சியால் தள்ளிக்கொண்டு போகும் புராணகாரரின் குரல். இதைத் தொய்வு என்பவர் காசிகாண்டத்தையும் தொய்வு என்றே சொல்ல வேண்டும்.

இனிச் சொல்வது சான்று மெலிந்த இடம். மெலிந்திருப்பதாலேயே சற்று உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தென்காசி விசுவநாதர் கோயிலை 1446இல் எடுக்கத் தொடங்கியவர் பராக்கிரம பாண்டியர். கோபுரப் பணி அதற்குப் பத்தாண்டு கழித்துத்தான் தொடங்கியது. 1463 அளவில் அவர் மறைந்தபோது கோபுரம் நிறைவுறவில்லை. தம்பி குலசேகர பாண்டியர் காலத்தில் முடிந்தது. பராக்கிரமர் கோயிலில் வெட்டுவித்த தமிழ்ப் பாடல்களில் ஒன்று, இந்த ஆலயத்துக்கு வரக்கூடாத குற்றம் ஏதேனும் வந்து, அப்போது யாராக இருந்தாலும் அதை நேர்செய்து காப்பாராயின், உலகம் அறிய அவர்களைப் பணிகிறேன் என்ற கருத்தில் அமைந்தது. கல்வெட்டுகளின் இறுதி வாசகம் வழக்கமாக எப்படி இருக்கும் என்பது தெரிந்ததே: இதற்குத் தீங்கு செய்வார் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார். இங்கே சாபம் வர வேண்டிய இடத்தில் வணக்கம் வருகிறது. கெடுப்பவனை மிரட்டுவதை விட்டு, இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத ஒருவனை, அவன் பாண்டியனாக இருக்க வேண்டும் என்றுகூடச் சொல்லாமல், ஓர் அரசன் தொழுகிறான். (அந்தக் கோபுரம் பின்னர் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்று, ஒன்பது நிலையோடு மீண்டும் எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டது. கட்டியவர் பாண்டியர் அல்லர்.)

பிற்பாண்டியர் இறைவன் திருமுன் நின்றது இந்தக் கோயிலில்தான். அதிவீரராமர் இந்தப் பாடலைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்திருக்கக்கூடும். முன்னவன் விட்டதைப் பின்னவன் முடிப்பது குறைவன்று, வணங்கத்தக்கது என்று கல்லில் எழுதிவைத்த குடும்பத்தில் வந்த ஒருவர், கன்னோசிப் புலவர் மரத்தோடு விட்ட கலியை இறக்கி முடித்ததில் வியப்பென்ன? கல்வெட்டுக்கும் காப்பியத்துக்கும் நேர்த்தொடர்பு காட்ட என்னிடம் ஒரு வரிகூட இல்லை. ஆனால் அண்ணியார் கதைக்கும் அதைவிடக் கூடுதலான சான்று கிடையாது.

மக்கள் வழக்கு, மணத்தோடு நிற்பது, தான்றியில் கலி நீங்குவது என்ற இந்த இரண்டு முடிவையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டது. நளனைப் பற்றியவன் சனி என்றும், திருநள்ளாற்றில் நீராடி விடுபட்டான் என்றும் நம்பி நளன் குளத்தில் முழுகி எழுபவர் கூட்டத்தில் இருதுபர்ணன் பெயரைக் கேட்டால் யாருக்குத் தெரியும்? பாரதத்திலோ நளன் கதையில் சனிக்கு இடமே இல்லை.

எஞ்சி நிற்பது காலம். அதிவீரராமர் முடிசூடியது 1564 என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. வரதுங்கராமருக்கு 1588 என்பர்; அவர் உடன்பிறந்த தமையனா, பங்காளி முறையில் மூத்தவரா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. கதையில் வருவதுபோல் நைடதம் கரிவலம்வந்தநல்லூரில் ஆட்சியிலிருந்த ஓர் அரசருக்குப் போனதென்றால் அது 1588க்குப் பிற்பட்டதாக வேண்டும்; அப்போது அதிவீரராமர் கால் நூற்றாண்டு ஆண்டவர், காசிகாண்டம் முதலிய மொழிபெயர்ப்புகளில் கைபழகியவராக இருந்திருக்கக்கூடியவர். கடைப்பகுதியின் புராண நடைக்கு அது பொருந்தும். நைடதம் இளமைக்கால நூல் என்று கொண்டால் வரிசை தலைகீழாகும்: புராணங்களுக்கு அவர் பயிற்சி பெற்றதே இந்தக் கலிப் படலங்களில்தான் என்றாகும். முதல் வாய்ப்பு என் வாதத்துக்கு வசதி. ஆனால் அதற்கு நான் மேலே தள்ளிவிட்ட கதையையே திரும்பக் கூட்டிவந்து சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். ஆகையால் நூல்வரிசையை இப்போதைக்குத் திறந்தே விடுகிறேன். காசிகாண்டத்தையும் நைடதத்தின் கலிப் படலங்களையும் யாப்பு, சந்தம், சொல்லாட்சி மூன்றிலும் அடுத்தடுத்து வைத்து ஒருவர் ஒப்பிட்டால் வரிசை தெளிய வழியுண்டு.