ஆரணிப் போர்கள் (1751, 1782): கூட்டணிகள் போரை வளர்த்த விதம்

ஆரணிப் போர்கள் என்பவை, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியில் 1751 டிசம்பர் 3 அன்றும் 1782 ஜூன் 2 அன்றும் நடந்த இரு போர்களைக் குறிக்கும். முதல் போரில் ராபர்ட் கிளைவின் படை, பிரெஞ்சுக்காரரின் துணையோடு வந்த ரஸா சாகிப்பைத் தோற்கடித்தது. இரண்டாம் போரில் மைசூரின் ஐதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட்டும் மோதினர். அதில் எவருக்கும் தெளிவான வெற்றி கிட்டவில்லை.

முதல் உலகப் போரின் காரணங்களாக ஏகாதிபத்தியம், இராணுவக் கூட்டணிகள் ஆகியவற்றைப் பள்ளிப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. மாணவர்கள் இவற்றை இரண்டு சொற்களாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். கூட்டணி எவ்வாறு போரை இழுத்து வருகிறது, அது எவ்வாறு ஆட்சியாக மாறுகிறது என்பதை ஆரணியின் இந்த இரு போர்களைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

ஆரணியின் இருப்பிடம்

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, நவாபின் தலைநகரான ஆற்காட்டுக்குத் தெற்கே ஒரு நாள் நடைத் தொலைவில் உள்ளது. தெற்கே செஞ்சிக் கோட்டை, வடமேற்கே வேலூர்க் கோட்டை. ஆற்காட்டுக்காகப் போரிட்டவர்களுக்கு ஆரணிக் கோட்டை வழியில் இருந்த ஒரு முக்கிய இடம். இரு போர்களும் ஆரணியை முன்னிட்டு எழுந்த சண்டைகள் அல்ல.

முதல் போரின் பின்னணி

ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரில் (1740–1748) இங்கிலாந்தும் பிரான்சும் எதிரணிகளில் நின்றன. அதன் விளைவாக 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1748ஆம் ஆண்டு எய்-லா-சப்பேல் உடன்படிக்கைப்படி சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது. அதற்கு ஈடாக, வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் பிடித்திருந்த லூயிஸ்பர்க் கோட்டை பிரான்சுக்குக் கிடைத்தது.

ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட அதே ஆண்டில் ஐதராபாத் நிசாம் இறந்தார். அங்கும் ஆற்காட்டிலும் பதவிப் போட்டி மூண்டது. புதுச்சேரி ஆளுநர் டூப்ளே, ஆற்காட்டுப் பதவிக்குச் சந்தா சாகிப்பை ஆதரித்தார். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வாருதீன் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளியில் தஞ்சம் புக, ஆங்கிலேயர் அவர் பக்கம் நின்றனர்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1749 முதல் 1754 வரை இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே போர் அறிவிக்கப்படவில்லை. ஆயினும் இரு கம்பெனிகளும், தத்தம் நவாபின் துணைப்படை என்ற பெயரில், தமிழ் மண்ணில் போரிட்டன. அந்தப் பெயரைத் தந்தது கூட்டணியே.

1751இல் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றினார். சந்தா சாகிப்பின் மகன் ரஸா சாகிப் ஐம்பது நாள் முற்றுகையிட்டும் மீட்க முடியாமல் பின்வாங்கினார். முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படையைச் சேர்த்துக்கொண்டு கிளைவ் அவரைத் தொடர்ந்து சென்று ஆரணியில் வென்றார். தோற்ற பக்கத்துச் சிப்பாய்கள் பலர் உடனே கிளைவின் படையில் சேர்ந்தனர். ஆரணிக் கோட்டைத் தலைவரும் முகமது அலியின் பக்கம் சாய்ந்தார். 1752இல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

மீறப்பட்ட வாக்குறுதிகள்

உதவிக்கு ஈடாகத் திருச்சிராப்பள்ளியைத் தருவதாக மைசூருக்கு முகமது அலி வாக்களித்திருந்தார். வென்றபின் தரவில்லை. எனவே 1753இல் மைசூர் பிரெஞ்சுப் பக்கம் போயிற்று. முராரி ராவும் உடன் சென்றார். அந்த மைசூர்ப் படையில் இருந்த ஓர் இளந்தளபதியே ஐதர் அலி.

பின்னர் மைசூரின் அதிகாரத்தைக் கைப்பற்றிய ஐதர், முதல் ஆங்கிலேய–மைசூர்ப் போரின் இறுதியில், 1769இல், சென்னை உடன்படிக்கையைச் செய்துகொண்டார். ஒருவரைப் பிறர் தாக்கினால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. அடுத்த ஆண்டே மராட்டியர் மைசூர் மீது படையெடுத்தனர். ஆங்கிலேயர் உதவ வரவில்லை. ஐதர் இதை மறக்கவே இல்லை.

இரண்டாம் போர்

1778இல் அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் சேர்ந்தது. உடனே இந்தியாவிலிருந்த பிரெஞ்சு ஊர்களை ஆங்கிலேயர் கைப்பற்றத் தொடங்கினர். 1779இல் மாகியும் வீழ்ந்தது. ஐதருக்குப் பிரெஞ்சு ஆயுதங்கள் வந்து சேர்ந்த துறைமுகம் மாகி. அது தம் பாதுகாப்பில் இருப்பதாக ஐதர் முன்பே எச்சரித்திருந்தார். மராட்டியர், நிசாம் ஆகியோருடன் கூட்டணி அமைத்து, 1780 ஜூலையில் அவர் ஆற்காட்டு நாட்டுக்குள் புகுந்தார்.

1782இல் ஆரணிக் கோட்டையில் ஐதரின் படைக்கலமும் தானியமும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் குறிவைத்து அயர் கூட் வர, காக்க ஐதர் விரைந்தார். ஜூன் 2 அன்று நடந்த மோதலில் கூட் களத்தில் பின்வாங்கவில்லை. எனினும் கோட்டையை அவரால் பிடிக்க முடியவில்லை. பாஸ்டன் துறைமுகத்துத் தேயிலைத் தகராற்றில் தொடங்கிய பகை, பல கூட்டணிகளின் வழியே கமண்டல நாகநதிக் கரைக்கு வந்திருந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் ஐதர் இறந்தார். 1783இல் கடலூரில் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலேயப் படையும் போரிட்டுக்கொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்தது. பிரெஞ்சுக்காரர் போரை நிறுத்திக்கொண்டனர். திப்பு சுல்தான் தனித்து விடப்பட்டு, 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை செய்துகொண்டார்.

கூட்டணிக்குக் கொடுத்த விலை

வென்ற கூட்டாளியான முகமது அலியின் நிலை என்ன? தமக்காகப் போரிட்ட கம்பெனிப் படையின் செலவை அவரே கட்ட வேண்டியிருந்தது. 1763இல் செங்கல்பட்டுப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். கம்பெனி அலுவலர்களிடம் தனிப்பட்ட முறையில் அதிக வட்டிக்குக் கடன் வாங்கி, கிராமங்களின் வரி வருவாயை ஈடாக எழுதிக் கொடுத்தார். ஆற்காட்டு நவாபின் இந்தக் கடன்களைப் பற்றி 1785இல் எட்மண்ட் பர்க் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் கடுமையாகப் பேசினார். 1801இல் வெல்லெஸ்லி பிரபு ஆற்காட்டு நாட்டின் ஆட்சியை முழுமையாகக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டார். நவாபுக்கு மிஞ்சியது பட்டமும் ஓய்வூதியமும்தான்.

இந்த விலையை உண்மையில் கட்டியவர்கள் உழவர்களும் நெசவாளர்களுமே. ஐதரின் படை, ஆங்கிலேயருக்குத் தானியம் கிடைக்காதபடி சென்னையைச் சுற்றிய நாட்டைத் தீக்கிரையாக்கியது. 1780களின் தொடக்கத்தில் கடும் பஞ்சமும் வந்தது. எந்த உடன்படிக்கையிலும் அவர்கள் கையெழுத்து இல்லை.

1914உடன் ஓர் ஒப்பீடு

1914இல் செர்பியாவுக்காக ரஷ்யாவும், ஆஸ்திரியாவுக்காக ஜெர்மனியும் களமிறங்கின. பின் பிரான்சும் பிரிட்டனும் இழுக்கப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பர் 22 அன்று ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியது.

ஒரு வேறுபாட்டையும் மறக்கலாகாது. 1914இல் பெரும்பாலான நாடுகள் கூட்டாளிக்குக் கொடுத்த வாக்கைக் காத்ததால் போர் பரவியது. 18ஆம் நூற்றாண்டிலோ வாக்கு மீறப்பட்டபோதும் போர் மூண்டது. இரண்டுக்கும் அடியில் இருந்த காரணம் ஒன்றே: பிறர் நாட்டின் வணிகத்தையும் வரியையும் கைப்பற்றும் போட்டி. கூட்டணி அப்போட்டியின் கருவி. எனவே தேர்வில் 'கூட்டணிகள்' என்று எழுதும் மாணவர், அந்தக் கூட்டணியால் பயன் பெற்றவர் யார், செலவு செய்தவர் யார் என்பதையும் சேர்த்து எழுதினால் விடை முழுமை பெறும்.