வீட்டில் கட்டிய வானூர்திக்குச் சுழல் இயந்திரம்: எரிபொருள் அளவைச் சீர்செய்வது எப்படி?

வானில் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிப் பழகிய எங்களுக்கு, ஒருவர் தன் வீட்டுக் கராஜுக்குள் வானூர்தி ஒன்றைக் கட்டி அதில் தானே ஏறிப் பறக்கிறார் என்பது விநோதமான செய்தியாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்காவில் அது அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்து வருகின்ற ஒன்று. 1953 ஆம் ஆண்டு விஸ்கொன்சின் மாநிலத்தில் போல் பொபெரெஸ்னி என்பவர் தொடக்கிவைத்த பரிசோதனை வானூர்திச் சங்கம், அம்மாநிலத்தின் ஒஷ்கோஷ் நகரில் ஆண்டுதோறும் நடத்தும் கூடலுக்கு இன்று பல்லாயிரம் வானூர்திகள் வந்து இறங்குகின்றன.

அந்நாட்டுச் சட்டப்படி, தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒரு வானூர்தியின் வேலையில் பாதிக்கு மேற்பட்டதை ஒருவர் தானே செய்திருந்தால், அதனைப் ‘பரிசோதனை’ வகையில் பதிவுசெய்யலாம். அத்தகைய வானூர்திக்குச் சான்றளிக்கப்பட்ட விமான இயந்திரம்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதனால் கார் இயந்திரத்தைப் பூட்டிப் பறப்பவர்களும் உள்ளனர். அவர்களில் ஒரு சாரார் தெரிவுசெய்வது யப்பானின் மஸ்டா நிறுவனத்தின் சுழல் இயந்திரத்தை. அந்த இயந்திரத்துக்குப் பெற்றோலை அளந்து கொடுக்கும் முறையையும், அந்த அளவைச் சீர்செய்யும் ஒழுங்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பிஸ்டன் இல்லாத இயந்திரம்

ஜேர்மனியரான பெலிக்ஸ் வாங்கெலின் எண்ணத்தில் உருவான இந்த இயந்திரம், என்.எஸ்.யு. நிறுவனத்தில் 1957 இல் முதன்முதலாக ஓடியது. மஸ்டா அதனை வாங்கி வளர்த்து, 1967 இல் கொஸ்மோ காரிலும், 1978 முதல் ஆர்.எக்ஸ்-7 காரிலும் பூட்டி விற்றது. 1991 இல் பிரான்சின் லே மான் 24 மணிநேர ஓட்டப்போட்டியில் மஸ்டா வென்றதும் நான்கு றோட்டர் கொண்ட சுழல் இயந்திரத்தால்தான்.

மேலும் கீழுமாக ஆடும் பிஸ்டனும் வால்வுகளும் இதில் இல்லை. முக்கோண வடிவான றோட்டர் ஒன்று, நடுவில் இடுங்கிய நீள்வட்டக் கூட்டுக்குள் சுழல்கிறது. அதன் மூன்று முனைகளிலும் உள்ள மெல்லிய சீல்கள் கூட்டின் சுவரைத் தொட்டபடி ஓடுகின்றன. றோட்டர் ஒருமுறை சுற்றும்போது அச்சுத்தண்டு மூன்றுமுறை சுற்றும். தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு றோட்டரிலும் ஓர் எரிதல் நிகழும்.

வானூர்தி கட்டுபவர்கள் பெரிதும் நாடும் 13பி இயந்திரத்தில் இரண்டு றோட்டர்கள். ஒவ்வொன்றும் 654 கன சென்ரிமீற்றர், மொத்தம் 1308. அளவில் சிறியது, நடுக்கம் குறைவு, அசையும் பாகங்கள் மிகச் சில. முதலாம் உலகப் போரில் சிலிண்டர்களே சுழன்ற ‘நோம்’ போன்ற இயந்திரங்களையும் ஆங்கிலத்தில் இதே பெயரால் அழைப்பார்கள். அது வேறு, இது வேறு.

ஆளில்லா வேவு வானூர்திகளை வன்னியில் ‘வண்டு’ என்று அழைத்தோம். உலகின் பல படைகள் வைத்திருக்கும் அந்த இனத்தில் சில இத்தகைய சிறிய சுழல் இயந்திரத்தாலேயே பறக்கின்றன. அமெரிக்காவின் ஷாடோவும் இஸ்ரேலின் ஹேர்மிஸ் 450 உம் அவற்றுள் அடங்கும். மறுபுறம், ஜேர்மனியின் ஷ்லைக்கர் நிறுவனம் விளையாட்டுக்குப் பறக்கும் சறுக்கு வானூர்தி ஒன்றிலும் அதையே பூட்டியது. இயந்திரத்துக்குத் தன்னை யார் ஓட்டுகிறார்கள் என்பது தெரியாது.

மண்ணெண்ணெய்க் காலத்துப் பாடம்

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை மறந்தவர்கள் இருக்க முடியாது. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உயிர்ப்பித்து, இயந்திரம் சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய அந்தக் கைப்பழக்கத்துக்குள் ஒரு பெரிய உண்மை இருந்தது. இயந்திரம் எரிப்பது எண்ணெயை அல்ல; ஆவியான எண்ணெயும் காற்றும் சேர்ந்த கலவையை. கலவை பிசகினால் இயந்திரம் இருமும், புகைக்கும், சூடேறும், கடைசியில் நிற்கும்.

பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பது, நிறைப்படி, இரண்டும் மிச்சமின்றி எரிந்து தீரும் அளவு. உச்ச வலு வேண்டுமானால் பெற்றோலைக் கூட்டி 12.5 க்கு அருகில் ஓட்டுவார்கள். சிக்கனமாகப் பறக்கும்போது பெற்றோலைக் குறைத்து 15, 16 வரை போவார்கள். சுழல் இயந்திரம் அதனைப் பொறுத்துக்கொள்ளும்.

முழு வலுவில் பெற்றோல் குறைவதுதான் ஆபத்து. அப்போது கலவை சீராக எரியாமல் தட்டி வெடிக்கக்கூடும். பிஸ்டன் இயந்திரம் அந்த அடியைச் சற்று நேரமாவது தாங்கும். சுழல் இயந்திரத்திலோ, ஒரு சில அடிகளே முனைச் சீலை உடைத்துவிடப் போதுமானவை. வீதியில் என்றால் காரை ஓரங்கட்டலாம். மரங்களுக்கு மேலே நூறு மீற்றர் உயரத்தில் ஓரம் என்று ஒன்று கிடையாது.

கணினி போடும் கணக்கு

இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் சிறு வாய். அது எத்தனை மில்லிசெக்கன் திறந்திருக்கிறதோ அதற்கேற்பப் பெற்றோல் விழும். அந்த நேரத்தை முடிவுசெய்வது கணினி. அதற்குத் தெரிய வேண்டியவை நான்கு: தண்டின் வேகம், உள்ளிழுப்புக் குழாயின் அமுக்கம், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை, குளிர்த்தும் நீரின் வெப்பநிலை. முதல் மூன்றையும் வைத்து எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று அது மதிப்பிடும். நான்காவது, குளிர்ந்த இயந்திரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பெற்றோல் கொடுப்பதற்கு.

ஓர் உதாரணம் பார்ப்போம். 13பி இயந்திரம் தண்டின் ஒரு சுற்றுக்கு 1.3 லீற்றர் காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் ஏறத்தாழ 7,850 லீற்றர். கடல் மட்டத்தில் அதன் நிறை சுமார் 9.4 கிலோ. இதனை 12.5 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 0.75 கிலோ பெற்றோல். மணிக்கு 60 லீற்றரைத் தாண்டும். அதே வேகத்தில் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் வெறும் 10 மில்லிசெக்கன். அதற்குள் இன்ஜெக்டர் திறந்து, ஊற்றி, மூட வேண்டும்.

இவ்வளவு பெற்றோலையும் ஒரே வாய் கொடுப்பதானால் அது பெரிதாக இருக்க வேண்டும். பெரிய வாயோ மெல்லோட்டத்தில் நுணுக்கமாக அளக்காது. எனவே மஸ்டா ஒவ்வொரு றோட்டருக்கும் இரண்டு இன்ஜெக்டர்கள் வைத்தது. முதலாவது எப்போதும் இயங்கும். இரண்டாவது வலு கூடும்போது மட்டும் சேர்ந்துகொள்ளும்.

காற்று மதிப்பீடு எல்லா நிலையிலும் சரியாக இருப்பதில்லை. குழாயின் நீளம், புகைபோக்கியின் அமைப்பு எல்லாம் அதனை மாற்றும். ஆகவே கணினிக்குள் ஒரு திருத்த அட்டவணை இருக்கும். ஒவ்வொரு அமுக்கத்துக்கும் வேகத்துக்கும் ‘இங்கே இவ்வளவு கூட்டு, இங்கே இவ்வளவு குறை’ என்று அதில் எழுதப்பட்டிருக்கும். சீர்செய்தல் என்று சொல்லப்படும் வேலையின் பெரும்பகுதி இந்த அட்டவணையை நிரப்புவதுதான்.

நிலத்தில் செய்ய வேண்டியவை

அட்டவணையைத் தொடுவதற்கு முன் அடிப்படை சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடியதாகிவிடும்.

முதலில் எரிபொருள் ஓட்டம். பம்ப் தரும் பெற்றோலை ஒரு பாத்திரத்தில் பிடித்து, நிமிடத்துக்கு எவ்வளவு என்று அளக்க வேண்டும். தேவையைவிடத் தாராளமாக வர வேண்டும்; மிஞ்சியது தாங்கிக்குத் திரும்பிப் போகும். இன்ஜெக்டர்களையும் தனித்தனியே அளந்து, எல்லாம் ஒரே அளவு ஊற்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று குறைவாக ஊற்றினால் அந்த றோட்டர் மட்டும் தனியே சூடேறும்.

இரண்டாவது சென்சர்கள். இயந்திரம் நிற்கும்போது குழாய் அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்தையே காட்ட வேண்டும். காலையில் குளிர்ந்திருக்கும்போது நீரின் வெப்பநிலையும் காற்றின் வெப்பநிலையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாவது தீப்பொறி நேரம். ஒவ்வொரு றோட்டருக்கும் முன் பிளக், பின் பிளக் என இரண்டு உண்டு. தீப்பொறி பிந்தினால் புகையின் சூடு ஏறும். முந்தினால் தட்டல் வரும். நேரத்தைச் சரிபார்க்காமல் கலவையைத் திருத்துவது வீண்வேலை.

அதன் பிறகு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து வாலை உறுதியாகக் கட்டி, புரொப்பெல்லருக்கு முன்னாலும் பக்கவாட்டிலும் ஆட்களை அகற்றி இயக்க வேண்டும். குளிரில் இயக்கும்போது பெற்றோல் மிதமிஞ்சினால், அது சீல்களில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடும். சீல் வறண்டால் உள்ளமுக்கம் போய்விடும், பிறகு எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது. இன்ஜெக்டரை நிறுத்திவைத்துச் சும்மா சுற்றி உள்ளே தேங்கிய பெற்றோலை வெளியேற்றுவதே வழி. அதற்கென ஓர் ஆளி வைத்துக்கொள்வது நல்லது.

சூடான பின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் சற்று நிறுத்தி, கலவையைப் பார்த்துத் திருத்த வேண்டும். இரண்டாம் இன்ஜெக்டர்கள் சேரும் இடத்தை நிதானமாகப் பலமுறை கடந்து பார்க்க வேண்டும். இரண்டு சோடியும் ஊற்றும் அளவு கணினி நினைப்பதிலிருந்து வேறுபட்டால், அந்த இடத்தில் இயந்திரம் ஒரு கணம் திணறும். தரையிறங்க வரும்போது விமானி திரொட்டிலைத் தள்ளும் கணமும் இதே இடமாக அமையலாம்.

நிலம் காட்டாதவை

நிலத்தில் எல்லாம் சரிவந்தாலும் வேலை பாதிதான் முடிந்தது. சுருதி மாற்ற முடியாத புரொப்பெல்லர் பூட்டி நிலத்தில் ஓட்டும்போது, ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரேயொரு அமுக்கமே கிடைக்கும். அதாவது அட்டவணையில் ஒரு கோட்டின் வழியே மட்டும்தான் நடந்திருக்கிறோம். ஏறும்போதும், சமனாகப் பறக்கும்போதும், இறங்கும்போதும் இயந்திரம் அந்தக் கோட்டை விட்டு வெளியே போகும்.

உயரமும் கணக்கை மாற்றுகிறது. 3000 மீற்றர் உயரத்தில் காற்றமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதில் 70 சதவீதம். 5500 மீற்றரில் ஏறத்தாழப் பாதி. இந்தக் குறைவைச் சென்சர் கண்டுகொள்ளும். ஆனால் வெளியே அமுக்கம் குறையும்போது புகையும் இலகுவாக வெளியேறுவதால், குழாயில் அதே அமுக்கம் காட்டினாலும் உள்ளே வரும் காற்று கொஞ்சம் கூடும். நிலத்தில் எழுதிய திருத்தம் மேலே பெற்றோல் குறைந்ததாக மாறுவது இப்படித்தான்.

அமெரிக்க விதிகளின்படி, இவ்வாறு சான்றளிக்கப்படாத இயந்திரம் பூட்டிய வானூர்தி பொதுவாக முதல் 40 மணிநேரத்தைக் குறிக்கப்பட்ட பகுதிக்குள், பயணிகள் இன்றிச் சோதனையாகப் பறக்க வேண்டும். அட்டவணையின் மிச்சம் நிரம்புவது அப்போதுதான். வானூர்தித் தளத்துக்கு நேர் மேலே, இயந்திரம் நின்றாலும் சறுக்கி இறங்கக்கூடிய உயரத்தில் இதனைச் செய்வது ஒழுங்கு. பறந்தபடியே அட்டவணையைத் திருத்த முனைபவரின் கண் வெளியே இருப்பதில்லை. எனவே அளவுகளைப் பதிவுசெய்துகொண்டு இறங்கி, நிலத்தில் இருந்து திருத்திவிட்டு மறுபடி பறப்பது பாதுகாப்பானது.

ஏமாற்றும் அளவீடுகள்

கலவையைக் காட்டுவது புகைக்குழாயில் பூட்டும் ஒட்சிசன் சென்சர். அது பெற்றோலை அளப்பதில்லை. புகையில் மிஞ்சிய ஒட்சிசனைத்தான் அளக்கிறது. பிளக் ஒன்று பற்றத் தவறினால் எரியாத காற்று வெளியே வரும். பெற்றோல் குறைவு என்று சென்சர் சொல்லும். புகைக்குழாயில் சிறு வெடிப்பு இருந்து வெளிக்காற்று உள்ளே வந்தாலும் அதையேதான் சொல்லும். இரண்டு சந்தர்ப்பத்திலும் பெற்றோலைக் கூட்டுவது தவறான மருந்து. ஈயம் கலந்த விமானப் பெற்றோல் அந்தச் சென்சரையே விரைவில் பழுதாக்கும். ஆகவே புகையின் வெப்பநிலை, மணிக்குச் செலவாகும் பெற்றோல், சமனாகப் பறக்கும் வேகம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

தரையிறங்கி நிறுத்திய பின் கூட்டுக்குள் வெப்பம் தேங்கி, குழாயில் நிற்கும் பெற்றோல் ஆவியாவதும் உண்டு. உடனே மறுபடி இயக்கினால் பம்ப் ஆவியைத் தள்ளும். சிறிது நேரம் பெற்றோலைத் தாங்கிக்குச் சுற்றவிட்டுக் குளிரச்செய்த பின்னரே ஏற வேண்டும்.

இரண்டாவது வழி

பழைய விமான இயந்திரத்தில் தீப்பொறி தானாகப் பிறக்கும். பற்றரி செத்தாலும் அது ஓடும். இங்கே மின்சாரம் நின்றால் பம்ப், இன்ஜெக்டர், பிளக் மூன்றும் ஒன்றாக நின்றுவிடும். அதனால் இரண்டு பம்ப், இரண்டு பற்றரி, இரண்டு கணினி, அவற்றுக்குத் தனித்தனி வயர்கள் என்று அமைப்பார்கள். பலர் தவறவிடுவது ஒன்று: இரண்டாவது கணினியின் அட்டவணையும் நிரப்பப்பட வேண்டும், ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் அதற்கு மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். சோதிக்காத மாற்று ஏற்பாடு மாற்று ஏற்பாடல்ல.

எங்கள் ஊர்க் கராஜுகளுக்கு வரும் புதிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிலும் இன்று காபரேற்றர் இல்லை. இன்ஜெக்டரும் சென்சரும் கணினியும்தான். வானூர்தி கட்டுபவர் பின்பற்றும் ஒழுங்கு அங்கேயும் பொருந்தும். முதலில் பெற்றோல் ஓட்டம், பிறகு சென்சர், பிறகு தீப்பொறி, கடைசியில்தான் அட்டவணை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று; மாற்றியதை எழுதிவை. மண்ணெண்ணெயில் இயந்திரம் ஓட்டத் தெரிந்த கைகளின் பிள்ளைகளுக்கு இது எட்டாத வித்தை அல்ல.