திண்ணை சொல்லிக்கொடுத்த பாடம்

திண்ணைப் பள்ளிக்கூடம் என்றதும் பலருக்கு மணலில் எழுதும் பிஞ்சு விரல்தான் நினைவுக்கு வரும். தொடக்கப்பள்ளி ஆசிரியராகவே காலம் கழித்த எனக்கு, எழுத்தோடு சேர்ந்து அங்கே படிந்த பழக்கங்கள்தான் பெரிதாகப் படுகின்றன.

என் தாத்தாவின் தகப்பனார் திருவையாற்றுப் பக்கம் திண்ணை வாத்தியார். விடிவதற்குள் பிள்ளைகள் வந்துவிட வேண்டும். முதலில் மணல், பிறகு ஓலையும் எழுத்தாணியும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி எல்லாமே மனப்பாடம். ஒன்றை 320 கூறாக்கிய முந்திரி வரை கணக்கு வாயில் வரவேண்டும்; நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் அது தேவைப்பட்டது. மூத்த பையன் சட்டாம்பிள்ளை. அவன் சொல்ல, சின்னவர்கள் கூட்டாகத் திருப்பிச் சொல்வார்கள். தப்பினால் பிரம்பு; மிஞ்சினால் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம். நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டம் அடித்து வீடுவீடாகப் பாடி வாத்தியாருக்குக் காசு சேர்த்தார்கள். ஊர் வாத்தியாருக்குப் படியளந்தது. வாத்தியார் ஊருக்கு ஏற்ற பிள்ளைகளை ஆக்கிக் கொடுத்தார். பெரியவருக்கு அடங்குவதும் சிறியவருக்குச் சொல்லித்தருவதும் அவர்களுக்கு அங்கேயே உடம்போடு ஒட்டிக்கொண்டன.

திண்ணையின் வழக்கம் கடல் கடந்தும் போனது. 1789இல் சென்னை எழும்பூர் ஆண்கள் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் விடுதியின் ஆசிரியர்கள் அந்த முறைக்கு ஒத்துவராதபோது, எட்டு வயதுப் பையன் ஒருவனையே சிறுவர்களுக்குச் சொல்லித்தர வைத்தார். 1797இல் லண்டனில் அந்த அனுபவத்தை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அந்த முறை இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் போனது.

1826இல் ஆளுநர் தாமஸ் மன்றோ எழுதிய குறிப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகச் சொல்கிறது. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒன்று. பெருமைப்படலாம். ஆனால் அந்தக் கணக்கில் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். சேரிப் பிள்ளைகளாலோ பெரும்பாலும் திண்ணையை மிதிக்கவே முடியவில்லை. மேலே உட்கார்ந்த பையன், தெருவில் நிற்பவன் தன்னோடு உட்காரக் கூடாதவன் என்பதையும் தினமும் படித்தான். எந்தச் சுவடியிலும் எழுதாத அந்தப் பாடத்தைத்தான் அவன் கிழவனான பிறகும் மறக்கவில்லை. தன் பேரனுக்கும் சொல்லிக்கொடுத்தான்.

சாதி இரத்தத்தில் வருவதில்லை, பழக்கத்தில் வருகிறது. பழக்கியதை மாற்றிப் பழக்கவும் முடியும். இன்று வகுப்பெடுக்கும் ஆசிரியர்களே, பாடத்தைத் தொடங்கும் முன் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிரிந்து உட்கார்ந்திருந்தால், முதலில் அதை மாற்றுங்கள்.