பிரிட்டனிலேயே சைக்கிள் பந்தயத்துக்குத் தடை இருந்தது ஏன்? கொல்கத்தா சாலைகளில் இன்றும் தொடரும் பழைய பயம்

கொல்கத்தாவில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால், சில பெரிய சாலைகளின் முனையில் சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் படம் போட்ட பலகை உங்களைத் தடுக்கும். மீறிப் போனால் அபராதம். 2008-ல் 38 சாலைகளில் தொடங்கிய இந்தத் தடை 2013-ல் 174 சாலைகளுக்கு விரிந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு பட்டியல் 62 ஆகச் சுருங்கியது. போக்குவரத்து வேகம் குறைகிறது, விபத்து நடக்கிறது என்பது போலீஸ் சொன்ன காரணம். மாட்டிக்கொண்டதோ பால்காரர், பேப்பர் போடுபவர், மீன்கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருபவர் போன்றவர்கள்தான்.

'சைக்கிள் என்றால் சாலைக்கு இடைஞ்சல்' என்ற இந்த எண்ணம் புதிதல்ல. நமக்குச் சைக்கிளை அனுப்பிவைத்த பிரிட்டனில், சாலைப் பந்தயத்தையே அரை நூற்றாண்டுக்கு மேல் முடக்கிப்போட்டதும் இதே எண்ணம்தான்.

தடை போட்டது யார்?

அரசாங்கம் என்று நினைத்தால், இல்லை. சைக்கிள் ஓட்டுபவர்களின் சொந்தச் சங்கமே! 1890-களில் குதிரை வண்டிகள் ஓடிய சாலைகளில் சைக்கிள்காரர்கள் கூட்டமாகப் பறந்தார்கள். குதிரைகள் மிரண்டன, புகார்கள் குவிந்தன. 'இப்படியே போனால் சைக்கிளையே சாலையில் விடமாட்டாங்க' என்று பயந்த தேசிய சைக்கிள் ஓட்டுநர் சங்கம், சாலைப் பந்தயம் வேண்டாம், மைதானத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று முந்திக்கொண்டது.

பந்தய வெறி அதற்கெல்லாம் அடங்குமா? பிட்லேக் என்பவர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். எல்லோரும் சேர்ந்து புறப்படாமல், இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கிளம்ப வேண்டும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவரே வெற்றியாளர். இன்று நாம் 'டைம் ட்ரையல்' என்று சொல்லும் போட்டி பிரிட்டனில் வேர்விட்டது இப்படித்தான். விடிந்தும் விடியாத நேரத்தில் கிளம்புவார்கள். உடம்பு முழுக்கக் கறுப்பு உடை. பாதைக்கு ஊர்ப்பெயர் கிடையாது, ரகசியக் குறியீடுதான். வெளியாள் பார்த்தால் அங்கே பந்தயம் நடப்பதே தெரியக்கூடாது. திருட்டுத்தனம் போலத் தோன்றும், ஆனால் சட்டத்தை யாரும் மீறவில்லை.

இதற்கிடையே பிரான்ஸில் 1903-லேயே 'டூர் டி பிரான்ஸ்' தொடங்கிவிட்டது. இத்தாலி, பெல்ஜியத்திலும் ஊர் ஊராகக் கூட்டம் கூடியது.

தடையை உடைத்தது யார்?

வுல்வர்ஹாம்ப்டன் நகரைச் சேர்ந்த பெர்சி ஸ்டாலார்ட். 1930-களில் உலக சாம்பியன் போட்டிகளில் ஓட்டி, ஐரோப்பியப் பந்தயங்களை நேரில் பார்த்தவர். உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு, சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன. இப்போது நடத்தாவிட்டால் எப்போது நடத்துவது என்று சங்கத்திடம் கேட்டார். சங்கம் மறுத்தது. அவர் நேராகப் போலீஸிடம் போனார். அவர்கள் ஆட்சேபிக்கவில்லை, ஒத்துழைப்பே தந்தார்கள்.

1942 ஜூன் 7. லாங்கோலன் ஊரிலிருந்து வுல்வர்ஹாம்ப்டன் வரை 59 மைல், எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்ட சாலைப் பந்தயம். அசம்பாவிதம் எதுவும் இல்லை. ஆனாலும் சங்கம் ஸ்டாலார்டைத் தடை செய்தது. அதே ஆண்டு நவம்பரில் அவரும் கூட்டாளிகளும் போட்டிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள்.

அதன்பின் மளமளவென்று நடந்தது. 1945-ல் பிரைட்டனிலிருந்து கிளாஸ்கோ வரை பல நாள் பந்தயம். வென்றவர் ராபர்ட் பாடோ என்ற பிரெஞ்சுக்காரர். 1951-ல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகை ஆதரவில் 'டூர் ஆஃப் பிரிட்டன்'. வென்றவர் இயன் ஸ்டீல். 1958 முதல் 1993 வரை 'மில்க் ரேஸ்'. பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். பால் பண்ணையாளர்களின் பாலை வாங்கி விற்கும் வாரியம், கிட்டத்தட்ட நம்ம ஊர் ஆவின் மாதிரி ஒன்று, செலவை ஏற்றது. 1959-ல் இரண்டு சங்கங்களும் ஒன்றாகின. ஸ்டாலார்ட் அதைத் துரோகம் என்றே கருதினார்; மனிதர் கடைசிவரை சமாதானமாகவில்லை.

இதில் நமக்கென்ன தொடர்பு?

உங்கள் வீட்டில் தாத்தாவின் ஹெர்குலிஸ் சைக்கிள் இருந்திருந்தால், தொடர்பு உண்டு. 1955-ல் பிரிட்டன் முதன்முறையாக டூர் டி பிரான்ஸுக்கு 10 பேர் கொண்ட அணியை அனுப்பியது. பெரும்பாலோர் ஹெர்குலிஸ் கம்பெனியின் வீரர்கள். பாரிஸ் வந்து சேர்ந்தது இரண்டே பேர்: 29-வதாக பிரையன் ராபின்சன், கடைசி ஆளாக டோனி ஹோர். அந்த ஹெர்குலிஸின் தாய் நிறுவனமான டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான் முருகப்பா குழுமத்துடன் சேர்ந்து 1949-ல் சென்னை அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1980-ல் யோப் சூட்டமெல்க் டூர் டி பிரான்ஸை வென்றபோது அவர் அணியின் பெயர் டிஐ-ராலே. அந்த 'டிஐ'யும் இதே டிஐ!

ராலேவுக்கு வங்காளத்திலும் ஒரு கிளை இருந்தது. சுதிர் குமார் சென் என்ற வங்காளித் தொழிலதிபர் அதனுடன் கைகோத்து, ஆசன்சோலில் சென்-ராலே ஆலையை 1950-களில் எழுப்பினார். பின்னர் அது அரசுடைமையாகி, நலிந்து, மூடப்பட்டது. ஆலை வருவதற்கு வெகு முன்பே கொல்கத்தா சைக்கிளுக்கு மயங்கிய ஊர். 1926-ல் பிமல் முகர்ஜி என்ற இளைஞர் நண்பர்கள் மூவருடன் இங்கிருந்து சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பினார், 1937-ல்தான் திரும்பினார்.

அப்படியானால் இரண்டு தடையும் ஒன்றா?

இல்லை. பிரிட்டனில் தடுக்கப்பட்டது பந்தயம் மட்டுமே. வேலைக்குச் சைக்கிளில் போகிறவரை யாரும் நிறுத்தவில்லை. கொல்கத்தாவில் தடுக்கப்படுவது வேலைக்குப் போகிறவரைத்தான். ஸ்டாலார்டுக்குப் போலீஸ் துணை நின்றது, இங்கே தடையாணை போடுவதே போலீஸ். இதே மேற்கு வங்கத்தில்தான் 2015-ல் தொடங்கிய 'சபுஜ் சாத்தி' திட்டத்தில் 9 முதல் 12-ம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு இலவசச் சைக்கிள் தருகிறது. இதுவரை ஒரு கோடிக்கும் மேல். ஒரு கையால் கொடுத்து மறுகையால் நிறுத்துவதற்கு என்ன விளக்கம் சொன்னாலும் ஒட்டவில்லை.

2020 ஊரடங்குக்குப் பிறகு, பஸ்ஸில் நெருக்கியடித்துப் போவதைத் தவிர்க்க, முதல்வர் மம்தா பானர்ஜி சொன்னதன்பேரில் பல சாலைகளில் கட்டுப்பாடு தளர்ந்தது. மேம்பாலங்கள், சில முக்கியச் சாலைகள் மட்டும் விலக்கு. கொல்கத்தாவில் சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்டால், முனையில் இருக்கும் பலகையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். நிம்மதியாக மிதிக்க வேண்டுமென்றால் நகரத்தின் கிழக்கே நியூ டவுன் பக்கம் போகலாம். அங்கே சைக்கிளுக்கென்றே தனிப் பாதை போட்டிருக்கிறார்கள்.