துண்டுச் சீட்டும் நிலாக் கணினியும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குக் கணினி என்றால் 'ஒர்தினத்தேர்'. 1955இல் ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர், ஐபிஎம் நிறுவனம் கேட்டதற்காகச் சொன்ன பெயர் அது. ஒழுங்குபடுத்துபவர் என்று பொருள். அந்தப் பெயரின் பொருத்தம் வெகுநாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். சம்பளப் பட்டியலைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது அதிகாரியின் அறையில் மணி அடிக்கும். நின்ற வரியையும் அதுவரை வந்த தொகையையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துவிட்டுத்தான் எழ வேண்டும். ஒருமுறை குறிக்காமல் எழுந்துவிட்டேன். திரும்பி வந்து ஒரு வரி தாண்டித் தொடங்கியதில் ஒரு கடைநிலை ஊழியரின் பெயர் விடுபட்டது. அவருக்குச் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனது.

1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 கலத்தின் கணினிக்கும் இதே வேலைதான். எழுதி அழிக்கும் நினைவகத்தில் 2,048 சொற்களுக்கே இடம். உள்ளே ஒரு டைமர், நொடிக்கு நூறு முறை எண்ணும். குறித்த நேரம் வந்ததும் மணி அடிக்கும். அதற்கு 'இன்டரப்ட்' என்று பெயர். கணினி கைவேலையை நிறுத்தி, நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, அழைத்த வேலையை முடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும்.

இறங்கும் கணக்கை 2 நொடிக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்க வேண்டும். அன்று, இறங்குவதற்குத் தேவையில்லாத ஒரு ராடார் ஓயாமல் துடிப்புகளை அனுப்பிக் கணினியின் நேரத்தைத் தின்றது. பழைய கணக்கு முடியுமுன் புதியது வந்து நின்றது. வேலைகள் குவிந்தன, வைக்க இடமில்லை. 1202 என்ற எச்சரிக்கை எரிந்தது.

ஹால் லேனிங் என்ற எம்ஐடி அறிஞர் ஒவ்வொரு வேலைக்கும் முன்னுரிமை வகுத்து வைத்திருந்தார். கணினி எல்லாவற்றையும் கீழே போட்டது; குறித்து வைத்த இடத்திலிருந்து முக்கியமானவற்றை மட்டும் மீண்டும் எடுத்தது. நான்கு முறை 1202, ஒரு முறை 1201. ஹூஸ்டனில் 24 வயது ஜாக் கார்மன் ஆபத்தில்லை என்று சொல்ல, 26 வயது ஸ்டீவ் பேல்ஸ் இறங்கச் சம்மதித்தார். பள்ளி மாணவனாக வானொலியில் வெற்றிச் செய்தி கேட்டேன். இந்தக் கதை தெரியாது.

1980இல் இன்டெல் வெளியிட்ட 8051 என்ற ஒற்றைச் சில்லுக்குள் இரண்டு டைமர்களும் ஐந்து இன்டரப்ட்களும் அடங்கிவிட்டன. அதன் வாரிசுகள் இன்று நம் வீட்டுச் சலவை இயந்திரத்தில்கூட இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் மறக்காமல் சீட்டு வைத்துவிட்டுத்தான் எழுகின்றன. நான் மறந்த அந்த ஒருநாள்தான் இன்னும் உறுத்துகிறது.