பாலைவனத்தில் பாதிரியார்கள்

1942, ஜூன் 21. வாஷிங்டன், வெள்ளை மாளிகை. ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு துண்டுச்சீட்டு வந்தது. ரூஸ்வெல்ட் படித்தார். எதுவும் பேசாமல் சர்ச்சில் கையில் கொடுத்துவிட்டார்.

டோப்ரூக் விழுந்துவிட்டது. லிபியாவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டு வீரர்கள் ரொம்மலிடம் சரண். அடுத்தது எகிப்து, சூயஸ் கால்வாய்.

நாங்கள் என்ன உதவி செய்யட்டும் என்று கேட்டார் ரூஸ்வெல்ட். சர்ச்சில் யோசிக்கவே இல்லை. ஷெர்மன் டாங்கிகள் வேண்டும், எவ்வளவு முடியுமோ அவ்வளவு. சொந்த வீரர்களிடமிருந்து வாங்கியே 300 டாங்கிகள் தர ஒப்புக்கொண்டது அமெரிக்கா. கொசுறாக, தானே ஓடும் பீரங்கிகள் 100.

டாங்கிகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நாம் கொசுறைப் பார்ப்போம்.

டாங்கியில்தான் பீரங்கி இருக்கிறதே, இது எதற்கு தனியாக என்கிறீர்களா? நியாயமான கேள்வி. ஜெர்மானியர்கள் 88 மில்லிமீட்டர் பீரங்கிகளை மணலில் பதுக்கிவைத்துக்கொண்டு, தேடிவரும் பிரிட்டிஷ் டாங்கிகளைத் தூரத்திலேயே தீர்த்துக்கட்டினார்கள். பதில் சொல்ல பல பிரிட்டிஷ் டாங்கிகளிடம் வெடிக்கும் குண்டே கிடையாது. எஃகைத் துளைக்கிற திடக்குண்டுதான். மணலுக்குள் பதுங்கியவனை அது என்ன செய்யும்? வெடிகுண்டு வீச பின்னாலிருந்து பீரங்கிப்படை வரவேண்டும். அதுவோ வண்டியில் கட்டி இழுத்து வரப்படுவது. நிறுத்தி, அவிழ்த்து, திருப்பிக் குறிபார்ப்பதற்குள் முன்னால் போன டாங்கிகள் எரிந்துகொண்டிருக்கும். உள்ளே இருப்பவர்களும்தான்.

பிரிட்டிஷார் கைவசம் அவசரத்துக்கு ஒரு வைத்தியம் இருந்தது. வாலண்டைன் டாங்கியின் மேல் பெரிய இரும்புப் பெட்டியை வைத்து, 25 பவுண்டர் பீரங்கியை அதற்குள் செருகினார்கள். பெயர் பிஷப். பெட்டி இடித்ததால் குழாயை 15 டிகிரிக்கு மேல் தூக்க முடியவில்லை. 12 கிலோமீட்டர் போகவேண்டிய குண்டு 6 கிலோமீட்டரில் விழுந்தது. பாவம், வீரர்கள் மண்ணை மேடாகக் குவித்து, அதன்மீது வண்டியை ஏற்றி, மூக்கை நிமிர்த்திச் சுட்டார்கள்!

அமெரிக்கச் சரக்கு அப்படியில்லை. டாங்கியின் அடிப்பாகத்தில் 105 மில்லிமீட்டர் பீரங்கி. சுமார் 10 கிலோமீட்டர் பாயும். குழுவில் ஏழு பேர். தலைக்கு மேல் கூரை மட்டும் கிடையாது. ஓரமாக இருந்த வட்டமான இயந்திரத் துப்பாக்கி மேடை, சர்ச்சில் பிரசங்கம் செய்யும் மேடை மாதிரி தெரிந்ததால் பிரிட்டிஷார் வைத்த பெயர், ப்ரீஸ்ட். பாதிரியார்!

செப்டம்பரில் 90 ப்ரீஸ்டுகள் எகிப்துக்கு வந்துசேர்ந்தன. அக்டோபர் 23 இரவு எல் அலமெய்னில் ஏறத்தாழ 900 பீரங்கிகள் ஒரேசமயத்தில் முழங்கியபோது, 1-வது கவச டிவிஷனின் குதிரைப் பீரங்கிப்படையிடம் ப்ரீஸ்டுகள் இருந்தன. (குதிரை பெயரில் மட்டும்தான்.) ப்ரீஸ்டால்தான் ஜெயித்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்று முழங்கியவற்றில் பெரும்பாலானவை பழைய, இழுத்துவரப்பட்ட பீரங்கிகளே. ஆனால், நவம்பர் 4-ல் ரொம்மல் பின்வாங்க ஆரம்பித்து, துரத்தல் தொடங்கியதும்தான் டாங்கியோடு சேர்ந்து ஓடும் பீரங்கியின் அருமை புரிந்தது.

ஒரே தலைவலி, குண்டு. 105 மில்லிமீட்டர் குண்டு பிரிட்டிஷ் கிடங்குகளில் இல்லை. அமெரிக்காவிலிருந்துதான் வரவேண்டும். அதனால் கனடாவில் 25 பவுண்டரையே ஏற்றி, 1943-ல் புதிதாக ஒன்றைத் தயாரித்தார்கள். பெயர் செக்ஸ்டன். சர்ச்சில் மணியடித்து, கல்லறைக் குழி வெட்டுகிற ஊழியர்.